புற்றுநோய்த் தடுப்பு: எந்த அறிவுரைக்கு என்ன எடை?

பிப்ரவரி 4 உலகப் புற்றுநோய் நாள். அந்த வாரம் எந்த நாளிதழின் இணைப்பைப் புரட்டினாலும், எந்த மருத்துவமனை வாசலில் துண்டறிக்கை வாங்கினாலும் ஏறக்குறைய ஒரே பட்டியல்தான் கிடைக்கும். புகை பிடிக்காதீர்கள், மது வேண்டாம், காய்கறி பழம் நிறையச் சாப்பிடுங்கள், மஞ்சள் சேர்த்துக்கொள்ளுங்கள், எடையைக் குறையுங்கள், தினமும் நடங்கள், நன்றாகத் தூங்குங்கள், மனதைப் போட்டு உழப்பிக்கொள்ளாதீர்கள், சூடான உணவைப் பிளாஸ்டிக்கில் வாங்காதீர்கள். வரிக்கு வரி ஒரே அளவு எழுத்து, ஒரே அழுத்தம்.

இந்தப் பட்டியலில் பெரிய பொய் எதுவும் இல்லை. இதன் குறை வேறு. எட்டைக் கடைப்பிடித்து ஒன்றை மட்டும் விட்டவர், தான் பெரும்பாலும் தப்பித்துவிட்டதாக நினைக்க இது இடம் கொடுக்கிறது. அவர் விட்ட அந்த ஒன்று புகையிலையாக இருந்தால், மற்ற எட்டும் சேர்ந்தாலும் அவரைக் காக்காது. காலையில் மஞ்சள் பாலும் மாலையில் நடையும், இடையில் ஒரு கட்டு பீடியும் என்று வாழ்பவர்கள் நம் தெருக்களில் இருக்கிறார்கள். அவர்களுக்கு எது பெரிது, எது சிறிது என்று யாரும் பிரித்துச் சொன்னதில்லை.

அப்படிப் பிரிக்க, ஒரு பழக்கம் நோயோடு சேர்ந்து காணப்படுகிறது என்ற தகவல் மட்டும் போதாது. அந்தப் பழக்கத்தை மாற்றிக்கொண்டவர்களுக்கு நோய் குறைந்ததா, எவ்வளவு குறைந்தது, நம் மக்களுக்கு அதிகம் வரும் புற்றுநோய்கள் அதில் அடங்குமா என்றெல்லாம் கேட்டாக வேண்டும். இப்படிக் கேட்கத் தொடங்கினால் பட்டியல் வேகமாகச் சுருங்கிவிடும்.

இந்தக் கேள்விகள் அனைத்தையும் முழுமையாகத் தாண்டுவது புகையிலைதான். 1950இல் லண்டன் மருத்துவமனைகளின் நோயாளிகளை விசாரித்த ரிச்சர்ட் டாலும் ஆஸ்டின் பிராட்ஃபர்ட் ஹில்லும் சிகரெட்டை நுரையீரல் புற்றுநோயோடு இணைத்தார்கள். சாலைக்குப் போடும் தாரின் மீதுதான் டாலுக்கு முதலில் சந்தேகம் இருந்தது. தரவு அவரை வேறு பக்கம் இழுத்துப்போனது. 1951இல் பிரிட்டன் மருத்துவர்களிடமே அவர்களது புகைப் பழக்கத்தைக் கேட்டு எழுதிவைத்து, 34,439 ஆண் மருத்துவர்களை ஐம்பது ஆண்டுகள் தொடர்ந்தார்கள். 2004இல் வெளிவந்த முடிவு: விடாமல் புகைத்தவர்கள் சராசரியாகப் பத்தாண்டு முன்னதாக இறந்தார்கள். அறுபது வயதில் நிறுத்தியவர் அதில் சுமார் மூன்று ஆண்டுகளை மீட்டார், ஐம்பதில் நிறுத்தியவர் ஆறு, நாற்பதில் ஒன்பது. முப்பதில் நிறுத்தியவர் ஏறக்குறைய முழுவதையும் மீட்டார். இந்த ஆண்டுக் கணக்கில் மாரடைப்பும் பிற நோய்களும் சேர்ந்தே இருக்கின்றன. ஆனாலும், நிறுத்தினால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்று வயது வாரியாகச் சொல்லும் அளவுக்குச் சான்று உள்ள வாழ்க்கை முறை அறிவுரை வேறு எதுவும் இல்லை. 'இத்தனை வருஷம் ஊதியாச்சு, இனிமே விட்டு என்ன ஆகப்போகுது' என்று கேட்கும் பெரியவருக்கு இந்த எண்களே பதில்.

ஆனால் தமிழில் எழுதுகிறவர் சிகரெட்டோடு நிறுத்திக்கொண்டால் பாதி வேலையைத்தான் செய்தவர். நம் ஊர்ப் பிரச்சினையின் பெரும்பகுதி புகையே இல்லாமல் வாய்க்குள் அடங்கிக் கிடக்கிறது. 2016-17இல் எடுக்கப்பட்ட புகையிலைக் கணக்கெடுப்பின்படி இந்தியப் பெரியவர்களில் 10.7 சதவீதம் பேர் புகைக்கிறார்கள். மெல்லும், அடக்கும் புகையிலையைப் பயன்படுத்துபவர்கள் 21.4 சதவீதம், அதாவது இரண்டு மடங்கு. 2022இல் புகையில்லாப் புகையிலையாலும் பாக்காலும் உலகில் உண்டான வாய்ப் புற்றுநோய்கள் ஏறத்தாழ 1,20,000 என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை மதிப்பிட்டது. அவற்றில் 83,000க்கு மேல் இந்தியாவில் மட்டும். இலங்கையிலும் ஆண்களிடம் முதலிடம் பிடிப்பது வாய்ப் புற்றுநோய். மலையகத் தோட்டங்களில் குளிருக்கும் பசிக்கும் வெற்றிலை போடும் வழக்கம் இன்றும் உண்டு.

இந்த நோய் எங்கே தொடங்குகிறது என்பதைக் கவனித்தாலே காரணம் புரியும். வெற்றிலையில் சுண்ணாம்பு தடவி, கொட்டைப்பாக்கும் புகையிலையும் வைத்து மடித்து, மென்று சாறு இறங்கியதும் சக்கையைக் கடைவாயில், ஈறுக்கும் கன்னத்துக்கும் நடுவே உள்ள பள்ளத்தில் ஒதுக்கிவைக்கிறார்கள். சிலர் அப்படியே தூங்கிவிடுகிறார்கள். சக்கை எந்தப் பக்கம் ஒதுங்கிக் கிடக்கிறதோ பெரும்பாலும் அந்தப் பக்கத்தில்தான் வெண்திட்டும் புண்ணும் வருகின்றன. ஆந்திராவின் ஸ்ரீகாகுளம் வட்டாரத்தில் சுருட்டின் எரியும் முனையை வாய்க்குள் வைத்துப் புகைக்கும் வழக்கம் பெண்களிடம் உண்டு. அங்கே புற்றுநோய் மேலண்ணத்தில் வருகிறது. பழக்கம் தொட்ட இடத்திலேயே நோயும் முளைப்பதை இவ்வளவு துல்லியமாகக் காட்டும் புற்றுநோய்கள் குறைவு.

பாக்கைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 'புகையிலையை விட்டுட்டேன், வெறும் பாக்குதான்' என்பவர்கள் ஏராளம். புகையிலை சேராத வெற்றிலைப் பாக்கும், பாக்கு தனியாகவும் மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று அதே முகமை 2004இல் வெளியிட்ட தொகுப்பு தீர்த்துச் சொன்னது. வெறும் வெற்றிலையின் மீது அந்தக் குற்றச்சாட்டு இல்லை. பாக்கு கன்னத்தின் உட்தோலை நாராக இறுக்குகிறது. பாக்குப் பொட்டலத்துக்குப் பழகிய இளைஞர் ஒருவரால் மெல்ல மெல்ல வாயைத் திறக்க முடியாமல் போகிறது. மூன்று விரல்களைச் செங்குத்தாக அடுக்கி வாய்க்குள் விட்டுப் பார்ப்பது வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை. விரல்கள் நுழையவில்லையென்றால் பல் மருத்துவரிடம் போகக் காத்திருக்கக் கூடாது. கல்யாண வீட்டில் எப்போதாவது போடும் தாம்பூலம் பற்றி நான் பேசவில்லை. ஒரு நாளைக்கு எத்தனை தடவை, எத்தனை வருஷம் என்பதோடுதான் ஆபத்து ஏறுகிறது.

விட்டால் குறையுமா? குறைந்ததை நம் நாட்டிலேயே காட்டியிருக்கிறார்கள். டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் குழு 1970களின் பிற்பகுதியில் எர்ணாகுளம், பாவ்நகர், ஸ்ரீகாகுளம் மாவட்டங்களில் புகையிலை பயன்படுத்திய சுமார் 36,000 கிராம மக்களைத் தேர்ந்தெடுத்தது. வீடு வீடாகப் போய்ப் பேசினார்கள், படம் காட்டினார்கள், ஆண்டுதோறும் வாயைத் திறந்து பார்த்தார்கள். அடியோடு விட்டவர்கள் சிறுபான்மைதான், குறைத்தவர்கள் பலர். அவ்வளவுக்கே, அதே பகுதிகளில் அறிவுரை இல்லாமல் முன்பு கவனிக்கப்பட்டவர்களோடு ஒப்பிட்டபோது, புற்றுநோய்க்கு முன்னோடியான வெண்திட்டுகள் புதிதாகத் தோன்றுவது தெளிவாகக் குறைந்திருந்தது. 1986இல் லான்செட் இதழில் இது வெளியானது. பெரிய மருந்தோ கருவியோ இல்லாமல், வாய்ப் பேச்சால் நடந்த தடுப்பு இது. இந்த ஆய்வுக்கு நம் பொது நினைவில் இடமே இல்லை என்பது எனக்கு வருத்தம்.

புகையிலையை விடுவதற்கு நேரெதிரான பாதை, எதையாவது கூடுதலாக உட்கொண்டு புற்றுநோயைத் தடுக்கும் முயற்சி. அது எங்கே போய் முடிந்தது என்பதைத் தடுப்பு பற்றிப் பேசும் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். காய்கறி அதிகம் உண்பவர்களுக்கும், இரத்தத்தில் பீட்டா கரோட்டின் கூடுதலாக இருப்பவர்களுக்கும் நுரையீரல் புற்றுநோய் குறைவு என்று பல ஆய்வுகள் கூறின. அப்படியானால் அந்தச் சத்தை மாத்திரையாகக் கொடுத்தால் என்ன? பின்லாந்தில் 29,133 புகைக்கும் ஆண்களிடம் இதைச் சோதித்தார்கள். 1994இல் முடிவு வந்தபோது பீட்டா கரோட்டின் சாப்பிட்டவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகமாக இருந்தது. அமெரிக்காவில் நடந்த அடுத்த சோதனையில் 28 சதவீதம் அதிகம். 1996இல் அதைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். பிறகு 35,000 ஆண்களிடம் செலினியமும் வைட்டமின் ஈ-யும் சோதிக்கப்பட்டன. வைட்டமின் ஈ எடுத்தவர்களுக்குப் புராஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் கூடியது.

நல்ல நோக்கத்தோடு, நல்ல தர்க்கத்தோடு கொடுத்த மாத்திரை தீங்கு செய்தது. வெறுமனே கவனித்துப் பார்த்த ஆய்வு ஒன்று சொல்ல, குலுக்கல் முறையில் பிரித்துச் செய்த சோதனை வேறொன்று சொன்னது. மஞ்சளையும் முள் சீத்தாவையும் பற்றிக் கைப்பேசியில் வரும் செய்திகளை இந்த வரலாற்றின் வெளிச்சத்தில்தான் படிக்க வேண்டும். மஞ்சளில் உள்ள குர்குமின் சோதனைக் குழாயில் புற்றுச் செல்களைக் கொல்கிறது. ஆனால் குடலிலிருந்து இரத்தத்துக்குள் மிகக் கொஞ்சமே சேர்கிறது. மஞ்சள் சாப்பிட்டதால் மனிதர்களுக்குப் புற்றுநோய் குறைந்தது என்று காட்டிய பெரிய சோதனை இல்லை. குழம்பில் போடுங்கள், அது நம் சமையல். மாத்திரையாக விலை கொடுத்து வாங்கத் தேவையில்லை. முள் சீத்தா விஷயத்தில் இன்னும் கறாராக இருக்கலாம். கரீபியத் தீவான குவாடலூப்பில் அதன் பழத்தையும் இலைக் கஷாயத்தையும் வழக்கமாக உட்கொண்டவர்களிடம் பார்க்கின்சன் போன்ற நரம்பு நோய் கூடுதலாகக் காணப்பட்டதை 1999இலேயே பதிவு செய்திருக்கிறார்கள்.

சரி, மாத்திரை வேண்டாம். உணவாகவே காய்கறி, பழம்? இங்கே என் தீர்ப்பு பலருக்குப் பிடிக்காது. ஐரோப்பாவின் பத்து நாடுகளில் கிட்டத்தட்ட 4,78,000 பேரைத் தொடர்ந்த ஆய்வு 2010இல் சொன்னது: நாளொன்றுக்கு 200 கிராம் காய்கறி பழம் கூடுதலாகச் சாப்பிட்டால் மொத்தப் புற்றுநோய் ஆபத்து 3 முதல் 4 சதவீதம் வரைதான் குறைகிறது. அமெரிக்காவில் 48,835 பெண்களிடம் கொழுப்பைக் குறைத்துக் காய்கறியையும் தானியத்தையும் கூட்டி எட்டாண்டு பார்த்தார்கள். மார்பகப் புற்றுநோய் சற்றே குறைந்தாலும் அது தற்செயலாக இருக்க முடியாது என்று சொல்லும் அளவுக்கு இல்லை. நார்ச்சத்தின் நிலை கொஞ்சம் தெம்பானது: தினம் பத்து கிராம் நார் கூடினால் பெருங்குடல் புற்றுநோய் ஆபத்து பத்து சதவீதம் அளவு குறைவதாக ஆய்வுகளின் தொகுப்பு காட்டுகிறது. கீரையும் பருப்பும் கேழ்வரகும் இதயத்துக்கும் சர்க்கரைக்கும் நல்லது என்பதில் ஐயமில்லை. அவற்றைப் புற்றுநோய்க் கேடயமாக விற்பதைத்தான் சான்று தாங்கவில்லை.

உணவுச் செய்திகளில் இன்னொரு குழப்பமும் இருக்கிறது. 2015இல் பதப்படுத்திய இறைச்சியைப் புகையிலை இருக்கும் அதே முதல் பிரிவில் ஆய்வு முகமை சேர்த்தபோது, சாசேஜும் சிகரெட்டும் ஒன்று என்று தலைப்புப் போட்டார்கள். அந்தப் பிரிவுகள் சொல்வது ஒரு பொருள் புற்றுநோய் உண்டாக்கும் என்பது எவ்வளவு உறுதி என்பதை. எவ்வளவு உண்டாக்கும் என்பதை அவை சொல்வதில்லை. தினம் 50 கிராம் பதப்படுத்திய இறைச்சி பெருங்குடல் புற்றுநோய் ஆபத்தை 18 சதவீதம் கூட்டுகிறது; சிகரெட் நுரையீரல் புற்றுநோயைப் பத்து மடங்குக்கும் மேலாகக் கூட்டுகிறது. பெருங்குடல் புற்றுநோய் குறைவாக உள்ள நம் மக்களிடம், தினமும் சாசேஜ் சாப்பிடாத வீடுகளில், அந்த 18 சதவீதத்துக்கு அர்த்தம் சொற்பமே. கைப்பேசிக் கதிர் இன்னும் கீழே, 'இருக்கலாம்' என்ற பிரிவில் இருக்கிறது. டீ மிகச் சூடாக, 65 டிகிரிக்கு மேல் இருந்தால் உணவுக்குழாய்க்கு ஆகாது என்பதற்கு ஓரளவு சான்று உண்டு. ஆற்றிக் குடித்தால் போதும்.

மதுவுக்கு இந்தச் சலுகை கிடையாது. 1988 முதல் அது முதல் பிரிவில் இருக்கிறது. வாய், தொண்டை, உணவுக்குழாய், கல்லீரல், பெருங்குடல், பெண்களின் மார்பகம் என்று அது தொடும் உறுப்புகள் பல. உடலில் மது உடைந்து உருவாகும் அசிட்டால்டிஹைடு மரபணுவைச் சிதைக்கிறது. பீர், ஒயின், பிராந்தி என்ற வேறுபாடு இதில் இல்லை. புகையிலையோடு சேரும்போது இரண்டும் ஒன்றையொன்று பெருக்குகின்றன. தலை, கழுத்துப் புற்றுநோயோடு வரும் ஆண்கள் பலரிடம் இரண்டும் இருக்கும். பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என 2023இல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது புற்றுநோயைப் பொறுத்தவரை நியாயமான கூற்று. குறைத்தவருக்குக் குறைத்த அளவுக்குப் பலன் உண்டு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

உடல் எடைக்கும் நடமாட்டத்துக்கும் நடுத்தரமான இடம் தருகிறேன். அதிக எடை பதின்மூன்று வகைப் புற்றுநோய்களோடு தொடர்புடையது என்று 2016இல் நிறுவப்பட்டது. மாதவிடாய் நின்ற பிறகு கொழுப்புத் திசுவே ஈஸ்ட்ரோஜென் தயாரிக்கும் இடமாகிவிடுவதால் மார்பகமும் கருப்பையும் பாதிக்கப்படுகின்றன. எடையைக் குறைத்து நிலைநிறுத்துவது மிகக் கடினம் என்பதால் குறைத்ததன் பலனை அளப்பதும் கடினம். உடற்பயிற்சிக்கு இப்போது வலுவான சோதனைச் சான்று ஒன்று வந்திருக்கிறது: பெருங்குடல் புற்றுநோய்க்கு அறுவையும் கீமோவும் முடித்த 889 பேரில் பாதிப்பேருக்கு மூன்றாண்டு முறையான பயிற்சி தந்தபோது, நோய் திரும்புவதும் மரணமும் குறைந்தன. 2025இல் வெளியானது. நோயே வராமல் தடுப்பது வேறு, திரும்பாமல் தடுப்பது வேறு. ஆனாலும் மாத்திரைகள் தோற்ற அதே வகைக் கடுமையான சோதனையில் நடை வென்றிருக்கிறது.

மார்பகப் புற்றுநோய்க்கு வரும்போது 'வாழ்க்கை முறை' என்ற சொல்லே தடுமாறுகிறது. அடையாறு புற்றுநோய் நிலையம் 1980களின் தொடக்கத்திலிருந்து நடத்திவரும் சென்னைப் பதிவேட்டைப் பாருங்கள். பத்தாண்டுக்குப் பத்தாண்டு கருப்பை வாய்ப் புற்றுநோய் இறங்கியிருக்கிறது, மார்பகப் புற்றுநோய் ஏறியிருக்கிறது. இரண்டுக்கும் பின்னால் பெருமளவு ஒரே மாற்றம்தான் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்: பெண்கள் படித்தார்கள், வேலைக்குப் போனார்கள், தாமதமாக மணந்து குறைவாகப் பெற்றார்கள். ஒவ்வொரு பிள்ளைப்பேறும், தாய்ப்பால் தந்த ஒவ்வொரு ஆண்டும் மார்பகப் புற்றுநோய் ஆபத்தைச் சிறிது குறைப்பது உண்மை. அதற்காக யாரும் ஒரு பெண்ணைப் பதினெட்டில் கல்யாணம் செய்து நாலு பெற்றுக்கொள் என்று சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. பாலூட்ட வேலையிடத்தில் விடுப்பும் இடமும் கேட்கலாம், மதுவையும் எடையையும் பேசலாம். மீதிக்கு, கட்டியைத் தாமதிக்காமல் கண்டுபிடிப்பதுதான் வழி. 'பால் கொடுக்கலையா, அதான்' என்று நோயாளியைக் குத்தும் உறவினரின் பேச்சுக்கு மருத்துவத்தில் எந்த ஆதாரமும் கிடையாது. தனி ஒருவருக்கு ஏன் வந்தது என்று எந்தப் புள்ளிவிவரமும் சொல்லாது.

செல்கள் பிரியும்போது தற்செயலாக நேரும் பிழைகளின் பங்கையும் இங்கே மறக்கக் கூடாது. 2015இல் தொமசெட்டி, வோகல்ஸ்டைன் என்ற ஆய்வாளர்கள் எழுதிய கட்டுரையை 'மூன்றில் இரண்டு புற்றுநோய் துரதிர்ஷ்டம்' என்று பலர் தவறாகச் சுருக்கினார்கள். ஓர் உறுப்புக்கும் மற்றோர் உறுப்புக்கும் இடையே ஆபத்து ஏன் வேறுபடுகிறது என்பதைத்தான் அவர்கள் ஆராய்ந்தார்கள். தடுக்கக்கூடியது 30 முதல் 50 சதவீதம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. மீதமுள்ளவர்களில் எந்தத் தவறும் செய்யாதவர்கள் ஏராளம்.

பட்டியல்கள் பெரும்பாலும் விட்டுவிடும் ஒன்றுக்குப் புகையிலைக்கு அடுத்த இடத்தை நான் தருகிறேன். கருப்பை வாய்ப் புற்றுநோய் எச்.பி.வி. வைரஸால் வருவது, அதைக் காட்டிய ஹரால்ட் சுர் ஹவுசனுக்கு 2008இல் நோபல் பரிசு கிடைத்தது. இங்கிலாந்தில் 12-13 வயதில் தடுப்பூசி தரப்பட்ட தலைமுறையில் இந்தப் புற்றுநோய் 87 சதவீதம் குறைந்ததாக 2021இல் தெரியவந்தது. காய்கறியின் 4 சதவீதத்தை இதன் அருகில் வைத்துப் பாருங்கள். ஊசிக்கான வயதைத் தாண்டிய அம்மாக்களுக்கு நம் திண்டுக்கல் மாவட்டமே சான்று தந்திருக்கிறது. 2000இல் தொடங்கிய ஆய்வில், பயிற்சி பெற்ற செவிலியர்கள் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைப் பஞ்சில் நனைத்துக் கருப்பை வாயில் தடவி, ஒரு நிமிடம் பொறுத்து, வெள்ளைத் திட்டு தெரிகிறதா என்று வெறும் கண்ணால் பார்த்தார்கள். தெரிந்தவர்களுக்கு மேல் பரிசோதனையும் சிகிச்சையும் கிடைத்தன. 30 முதல் 59 வயதுப் பெண்களுக்கு ஒரே ஒரு முறை. 2007இல் வந்த முடிவு: அந்தப் பகுதிகளில் புற்றுநோய் 25 சதவீதமும் அதனால் வரும் மரணம் 35 சதவீதமும் குறைந்தன. உலகம் மேற்கோள் காட்டும் இந்த ஆய்வு நடந்த மாநிலத்தில், 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, 30-49 வயதுப் பெண்களில் இந்தப் பரிசோதனையை ஒரு தடவையாவது செய்துகொண்டவர்கள் பத்து சதவீதம்கூட இல்லை. மாநிலங்களில் நாம்தான் முன்னணி என்பது ஆறுதல் ஆகாது.

ஆகவே தமிழ் வாசகருக்கான பட்டியலை நான் எழுதினால் பாதிப் பக்கம் புகையிலைக்கும் பாக்குக்கும் போகும். அடுத்து பெண் பிள்ளைக்கு ஊசி, முப்பது தாண்டிய பெண்ணுக்குக் கருப்பை வாய்ப் பரிசோதனை, பிறகு மது. எடையும் நடையும் சில வரிகளில் வரும், உணவுக்கு ஒரு வரி. மாத்திரைகளும் மூலிகைப் பொடிகளும் இடம்பெறாது. அந்தப் பட்டியலின் இன்னொரு பிரதி அரசின் மேசைக்கும் போக வேண்டும். சிகரெட்டைவிடப் பீடி மீது வரி குறைவு. தடைசெய்த புகையிலைப் பொட்டலங்கள் பெட்டிக்கடையில் கேட்டால் கிடைக்கின்றன. ஆண்டுக்கு 40,000 கோடி ரூபாய்க்கு மேல் வருவாய் தரும் மதுக்கடைகளை நடத்துவது மாநில நிறுவனம். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சர்க்கரை மாத்திரை வாங்க வரும் நாற்பத்தைந்து வயதுப் பெண்ணிடம், வாயைக் காட்டுங்கம்மா என்று கேட்டு, அன்றே கருப்பை வாயையும் பார்த்து அனுப்ப ஒரு செவிலியரும் ஒரு தனியறையும் பத்து நிமிடமும் போதும். அந்தப் பத்து நிமிடத்தை ஒதுக்குவது அந்தப் பெண்ணின் கையில் இல்லை.